புது அறையில் ஒரு வாடை

நெல்லிவாசல்நாடு,
3.4.2024

அன்புத் தம்பி அர்ச்சுனனுக்கு அக்கா மாதம்மாள் எழுதுவது. இங்கே நான், என் மகன் வெற்றிவேல், உன் மகள் ஜெயசுதா மூவரும் சாமி புண்ணியத்தில் சுகம். உன் சுகமும், பூங்கோதையின் முட்டி வலி தேவலையா என்பதும் தெரிந்தால் நிம்மதி.

பிள்ளைகள் கல்யாணம் முடிந்து ஒரு மாதம் ஓடிவிட்டது. போனில் பேசலாம் என்றால் டவருக்காகப் பாறை மேல் ஏறி நின்று கத்த வேண்டும். நான் கத்துவதை ஊரே கேட்டுவிட்டு எனக்கே திருப்பிச் சொல்லும். அதனால் இதைக் குப்பன் ஜீப்பில் கொடுத்து, ஜமுனாமரத்தூரில் தபாலில் போடச் சொல்கிறேன்.

சின்னஞ்சிறுசுகளுக்கு என்று கொல்லையில் பலாமரத்தை ஒட்டிக் கட்டிய புது அறையை நீ சரியாகப் பார்க்கவில்லை. கல்யாண அவசரத்தில் கொத்தனார் சல்லியும் மணலும் கொட்டி நிரப்பி, மேலே சிமெண்டு பூசிவிட்டார். தரை வழவழவென்று இருக்கிறது. தினம் இரண்டு வேளை துடைக்கிறேன். என் சுத்தம் உனக்குத் தெரியாததா?

அப்பா வைத்த அந்த மரம்தான் இந்த வருஷம் ஏமாற்றிவிட்டது. கிளையிலும் இல்லை, அடிமரத்திலும் இல்லை. ஒரு பிஞ்சுகூடக் கண்ணில் படவில்லை. நர்சரியில் பலா ஒட்டுக் கட்டுகிறவன் நீ. ஏதாவது வைத்தியம் சொல்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. ஜெயசுதாவுக்குச் சின்ன வயதில் காதில் சீழ் வடிந்ததா? அக்குளில் கட்டி கிட்டி வந்ததா? சும்மாதான் கேட்டேன்.

உன் அக்கா,
மாதம்மாள்


கணியம்பாடி,
12.4.2024

பாசமுள்ள அக்காவுக்கு அர்ச்சுனன் வணக்கம். நாங்கள் இருவரும் நலம். பூங்கோதையின் முட்டி மட்டும் மாடிப்படி ஏறும்போது அவளைத் திட்டுகிறது. அங்கே எல்லோரும் நலம்தானே?

ஜெயசுதாவுக்குச் சீழும் இல்லை, கட்டியும் இல்லை. பிறந்ததிலிருந்து தலைவலி, காய்ச்சல் தவிர ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காத பெண். ஏன் கேட்டாய் என்று புரியவில்லை. பூங்கோதை உன் கடிதத்தை இரண்டு தரம் படித்துவிட்டு மடித்து வைத்தாள்.

மரத்தைப் பற்றி எழுதினாயே. பலா மழைக்காட்டில் பிறந்த மரம், அக்கா. நம் மலையில் நின்று காய்ப்பதே அதன் பெருந்தன்மை. அதற்கு வேரடியில் ஈரமும் வேண்டும், மூச்சும் வேண்டும். நீங்கள் அதன் மடியிலேயே சிமெண்டைக் கொட்டி அறை கட்டியிருக்கிறீர்கள். கல்யாணத்துக்கு வந்த அன்றே மனசு சுருக்கென்றது, நல்ல நாளில் வாயைத் திறக்கக் கூடாது என்று இருந்துவிட்டேன். மீதி மூன்று பக்கமாவது மண்ணைக் கொத்திவிட்டு, மட்கின சாணம் இரண்டு கூடை போடு. ஆட்டுக்கு என்று தாழ்ந்த கிளையை எல்லாம் ஒடிக்காதே. தழை இல்லாமல் மரம் எதைச் சாப்பிடும்? காய்க்காவிட்டாலும் அது கழிசடை அல்ல. உன் வீட்டு நிலைக்கதவு மஞ்சள் மாறாமல் நிற்பது அதன் கிளையில் அறுத்த பலகையால்தான்.

மாப்பிள்ளைக்கு என் ஆசி. ஜெயசுதாவை ஒரு வரி எழுதச் சொல்.

தம்பி,
அர்ச்சுனன்


நெல்லிவாசல்நாடு,
8.5.2024

தம்பிக்கு அக்கா எழுதுவது. உடம்புக்கு நான் சுகம், மனசுக்கு இல்லை. நீங்கள் இருவரும் வெயிலில் பத்திரமாக இருங்கள்.

மூடி மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்த அறை நாறுகிறது, தம்பி. முதலில் இனிப்பாக வந்தது, பூவோ பவுடரோ என்று விட்டேன். இப்போது ஊறவைத்த வெல்லத்தில் யாரோ காலை விட்டுக் கலக்கியது போல் அடிக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து அப்பிக்கொள்கிறது. சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டு அருணா அந்தப் பக்கம் கால் வைத்தவள், "இன்னாக்கா, இன்னா கப்பு இது! எலி செத்துக் கெடக்கா?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

எலி இல்லை. கட்டிலைத் தூக்கிப் பார்த்தேன். பரணைத் துழாவினேன். சுவர் புதுசு, தரை புதுசு, கட்டிலும் மெத்தையும் நீ வாங்கிக் கொடுத்தது, அதுவும் புதுசு. அந்த அறைக்குள் பழையது என்று இருப்பது உன் மகள் உடம்பு ஒன்றுதான். அவள் புடவையில் இருக்கிறது, தலையணையில் இருக்கிறது. அவள் சமையல்கட்டுக்கு வந்தால் அதுவும் கூடவே வருகிறது. நேற்று பேன் பார்க்கிற சாக்கில் தலையை மடியில் போட்டு முகர்ந்து பார்த்தேன். அதேதான். குமட்டிக்கொண்டு வந்தது. பெற்றவளாக இருந்தால் பொறுத்திருப்பேனோ என்னவோ.

நீ கேட்டாய் என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். "நல்லா இருக்கேன்னு எழுதிடுங்க அத்தே" என்று போய்விட்டாள்.

நல்ல டாக்டராகப் பார்த்து வை. மரத்துக்குச் சாணம் போட்டாகிவிட்டது.

மாதம்மாள்


கணியம்பாடி,
15.5.2024

அக்காவுக்கு. எங்கள் சுகத்துக்கு என்ன குறை, நீ இப்படி எழுதாத வரைக்கும்.

உன் கடிதத்தைத் தொட்ட கையைக் கழுவினேன். இருபத்து மூன்று வயதுப் பெண்ணை மடியில் கிடத்தி, நாய் மோப்பம் பிடிப்பது போல் முகர்ந்ததை நீயே கூச்சமில்லாமல் எழுதுகிறாய். தூ! என் மகள் பிறந்து வளர்ந்த வீட்டில் நாங்கள் ஒன்றும் மூக்கை அடைத்துக்கொண்டு வாழவில்லை. பி.காம். படித்தாள், ஹாஸ்டலில் நாலு பெண்களோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தாள். அவர்களுக்கெல்லாம் மூக்கு இல்லையா?

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நீ சொந்த அத்தை. தம்பி மகள் என்று ஆசையாகக் கேட்டு எடுத்துக்கொண்டு போனவள். அந்த நினைப்பாவது இருக்கட்டும். சாக்கடையைப் பார், தண்ணீர் போகிற வழியைப் பார். பெண்ணைப் பார்க்காதே.

வெற்றிவேல் என்ன சொல்கிறான்? அவனைப் பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை.

அர்ச்சுனன்


நெல்லிவாசல்நாடு,
2.6.2024

தம்பிக்கு. எல்லோரும் இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருங்கள்.

வெற்றிவேல் பதினைந்து நாளாகக் களத்தில்தான் படுக்கிறான். கேட்டால், "உள்ள காத்து இல்லம்மா" என்கிறான். அவன் யாரையும் குற்றம் சொல்கிற பிள்ளை இல்லை.

வாடை இப்போது புளித்துவிட்டது. கள்ளுப்பானையைத் திறந்த மாதிரி. பெண்பிள்ளை குடிக்கிறாளோ என்று அவள் பெட்டியைக்கூடத் துழாவினேன், அந்த அளவுக்கு என் புத்தி கெட்டுவிட்டது. கட்டிலடியில் எறும்பு சாரை சாரையாகப் போகிறது. கன்னத்தில் ஈ உட்கார்ந்தால் அவள் விரட்டுவதைக்கூட விட்டுவிட்டாள். ஒரு நாளைக்கு நாலு வேளை குளிக்கிறாள். சுனையிலிருந்து குடம் குடமாக அவளே சுமக்கிறாள், அதைச் சொல்லியாக வேண்டும். தேய்த்துத் தேய்த்துக் கழுத்தெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. அதைப் பார்த்தாலும் எனக்கு அருவருப்புத்தான் வருகிறது, நான் என்ன செய்ய?

நேற்று விடிகாலை கரடி வந்து அந்த அறையின் பின்சுவரைப் பிறாண்டியிருக்கிறது. காட்டு மிருகம்கூட மோப்பம் பிடித்து வருகிறது என்று ஊரில் பேச்சு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கொஞ்ச நாள் உங்களோடு இருக்கட்டும். குப்பன் ஜீப்பில் நாளை அனுப்புகிறேன், ஜமுனாமரத்தூரில் பஸ் ஏற்றிவிடுவான். சண்டை எதுவும் இல்லை. போகச் சொன்னதும் புடவைகளை மடித்து வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மாதம்மாள்


கணியம்பாடி,
10.6.2024

அக்காவுக்கு. நாங்கள் மூவரும் இங்கே நலம். மூவர் என்று எழுதும்படி வைத்துவிட்டாயே.

பஸ் ஸ்டாப்பில் போய் நானே அழைத்து வந்தேன். என் மகளிடம் ஒரு வாடையும் இல்லை. இல்லவே இல்லை. பெற்ற தகப்பன் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள். வேலூரில் லேடி டாக்டரிடம் காட்டினோம். பல், காது, மூக்கு, ரத்தம், தோல் எல்லாம் பார்த்துவிட்டு அந்த அம்மா சொன்னார்கள்: "பொண்ணுக்கு ஒண்ணும் இல்லீங்க. முகந்து பாத்தவங்களக் கூட்டிட்டு வாங்க, அவங்க மூக்கப் பாக்கறேன்." பூங்கோதை அங்கேயே சிரித்துவிட்டாள். ஜெயசுதா சிரிக்கவில்லை.

நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது, அக்கா. கழுத்தில் தோல் உரிய ஒரு பெண் தேய்த்துக் குளிப்பதைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் யார் சுமந்தது என்று கணக்கு எழுதுகிறவள் என் கூடப் பிறந்தவளா?

ஒரே ஒரு கேள்வி. அவள் இங்கே வந்து ஒரு வாரம் ஆகிறது. அந்த அறையில் இப்போது வாடை இருக்கிறதா, இல்லையா?

அர்ச்சுனன்


கணியம்பாடி,
30.6.2024

அக்காவுக்கு. இங்கே நலம்.

இருபது நாளாக உன்னிடமிருந்து பதில் இல்லை. ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனவர்கள் உன்னைக் கண்டதாகச் சொன்னார்கள், ஆகவே உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. கேட்டதையே கேட்கிறேன். வாடை இருக்கிறதா, போய்விட்டதா?

அர்ச்சுனன்


நெல்லிவாசல்நாடு,
19.7.2024

என் அருமைத் தம்பிக்கும், பூங்கோதைக்கும், கண்ணான மருமகளுக்கும் மாதம்மாள் எழுதுவது. நாங்கள் பரம சுகம். மழை இரண்டு நாள் நல்ல மழை, சாமை விதைத்துவிட்டோம். பூங்கோதை முட்டிக்கு நொச்சி இலை கட்டச் சொல்.

ஆடி பிறந்துவிட்டது. புதுப்பெண் ஆடிக்குத் தாய்வீட்டில் இருப்பது நம் முறைதானே? இங்கே எல்லோரிடமும் அவள் ஆடிக்குத்தான் போயிருக்கிறாள், கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டேன். ஆவணி பிறந்ததும் வெற்றிவேல் வந்து அழைத்துக்கொள்வான். பழையதைப் பேசிக் கிண்டுவதால் யாருக்கு என்ன லாபம்? குடும்பம் என்றால் ஆயிரம் இருக்கும்.

நம் மரம் கடைசியில் ஒரு பழம் கொடுத்தது. சுளை தேன் மாதிரி இருக்கிறது. ஜெயசுதாவுக்குப் பிடிக்கும் என்று ஒரு தூக்குப் பாத்திரம் நிறைய அனுப்புகிறேன். ஜீப்புக்கு ஏதோ சாமான் வாங்க வேலூர் போகிற குப்பன் நேரிலேயே கொடுப்பான். கொட்டையைச் சுட்டுத் தின்னச் சொல்.

அன்புடன்,
அக்கா


கணியம்பாடி,
24.7.2024

மாதம்மாளுக்கு.

சுகம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. நீ அனுப்பிய தூக்கை ஜெயசுதாதான் திறந்தாள். மூடியை எடுத்தவள் தூக்கைத் தள்ளி வைத்தாள். "அப்பா, இதான். மொத மாசம் ரூம்ல அடிச்சது இதேதான்" என்றாள். பிறகு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தாள்.

குப்பன் மோர் குடித்துக்கொண்டிருந்தான். பழம் எந்தக் கிளையில் காய்த்தது என்று கேட்டேன். "கெளையா? உங்களுக்கு எழுதலயாண்ணே? கரடி வந்து பின்செவுத்து அடியத் தோண்டிடுச்சி. வெற்றிவேலு கடப்பாரையால ரூம் தரைய ஒடைச்சிப் பாத்தா, கட்டிலுக்கு நேர் கீழ வேர்ல மூணு பழம். ஒண்ணு அழுகிக் கூழாப் பூட்ச்சி, புழு நெளியுது. ஒண்ணு கரடி தின்ன மிச்சம். ஒண்ணுதான் முழுசு. அது ஆச்சிண்ணே, பத்து பாஞ்சு நாளு" என்றான்.

ஆக உனக்குத் தெரியும். தெரிந்துதான் ஆடி, சாமை, நொச்சி இலை எல்லாம் எழுதினாய். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். பலாப்பழத்தையே பாத்திரத்தில் போட்டு அனுப்பி மறைக்கப் பார்த்தவள் நீ ஒருத்திதான். என் மகளை நாற வைத்த வேரில் பழுத்ததை அவளுக்கே தின்னக் கொடுத்திருக்கிறாய். உனக்கு எப்படிக் கை வந்தது? தூக்கைப் புளி போட்டு மூன்று முறை தேய்த்தும் எனக்கு அதைத் தொட அருவருப்பாக இருக்கிறது.

அப்பா அந்த மரத்தை எப்படி வைத்தார் என்பது உனக்கு மறந்தா போச்சு? கொட்டை முளைத்ததும் மூங்கில் குழாய்க்குள் விட்டு வளர்த்து, நீண்ட தண்டைப் பாம்பு மாதிரி சுருட்டி மண்ணில் புதைத்து, நுனியை மட்டும் வெளியே விட்டார். வேரில் காய்க்கணும், குரங்குக்கு எட்டக் கூடாது என்று. மண் வெடித்து வாசனை வந்தால் நாம் இருவரும்தானே மண்வெட்டி எடுத்துக்கொண்டு ஓடுவோம்? அந்த வாசனை உன் மூக்குக்குத் தெரியாமல் போனதா?

அர்ச்சுனன்


நெல்லிவாசல்நாடு,
2.8.2024

தம்பிக்கு. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், எனக்கு உடம்பு சரியில்லை. நீங்கள் நன்றாக இருங்கள்.

அவள் போன மறுநாள் அறையைக் கழுவி, சாம்பிராணி போட்டுக் கதவைச் சாத்தினேன். அடுத்த காலை திறந்தேன். வாடை அங்கேயே உட்கார்ந்திருந்தது. அப்போதே தெரிந்துவிட்டது, அவள் இல்லை என்று. பழம் என்று தெரியாது, அவள் இல்லை என்று தெரியும். கதவைச் சாத்திவிட்டேன். உனக்கு எழுத மூன்று தரம் உட்கார்ந்தேன். அருணாவிடமும் சுனையில் தண்ணீர் எடுக்க வந்த அத்தனை பேரிடமும் வாயை விட்டது நான். விட்ட வார்த்தையை எந்த முகத்தோடு திரும்ப அள்ளுவேன்? வெற்றிவேல் என்னோடு பேசி மூன்று வாரம் ஆகிறது. சோற்றை வைத்தால் தின்கிறான், அவ்வளவுதான்.

மரம் வேரில் காய்த்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. மறந்துவிட்டேன், நிஜமாகவே மறந்துவிட்டேன். ஆனால் நான் உனக்கு முதல் கடிதத்திலேயே எழுதினேன், கிளையில் இல்லை, அடிமரத்தில் இல்லை என்று. இரண்டாவது கடிதத்தில் இனிப்பு வாடை என்று எழுதினேன். "இளசுல கெளையில, நடுவயசுல அடிமரத்துல, கெழடானா வேர்ல" என்று கன்று வாங்க வருகிறவனுக்கெல்லாம் பாடம் சொல்கிறவன் நீ. உனக்கு ஏன் தோன்றவில்லை? நான் காட்டிலே கிடக்கிறவள். நீ பலாவிலே பிழைக்கிறவன்.

நான் செய்தது கேவலம். உன்னிடம் ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் எப்படி ஒப்புக்கொள்வது என்று தெரியவில்லை. தரையை உடைத்த குழி அப்படியே கிடக்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

மாதம்மாள்


போளூர்,
18.8.2024

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஜெயசுதா எழுதுவது. நான் நலம். லேடீஸ் ஹாஸ்டல் சாப்பாடு பரவாயில்லை, ரசம்தான் வெந்நீர். அம்மா நொச்சி இலை கட்டிப் பார்த்தார்களா? உங்கள் பிரஷர் மாத்திரை தீர்ந்திருக்கும், வாங்கிவிடுங்கள்.

உரக்கடையில் பில் போடுகிற வேலை. பத்து நாள் ஆகிறது. சொல்லாமல் வந்தது தப்புத்தான். போனில் சொல்ல வராது, அதனால் எழுதுகிறேன்.

அத்தையின் கடிதங்களை எல்லாம் படித்தேன். நீங்கள் அவருக்கு எழுதியதையும் படித்தேன், நோட்டில் எழுதிப் பார்த்துத்தானே அனுப்புவீர்கள். எனக்காக எவ்வளவு கோபப்பட்டிருக்கிறீர்கள் என்று பார்த்தேன்.

வெற்றி மாமா போன ஞாயிற்றுக்கிழமை வந்து ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே நின்றார். "வா சுதா, வூட்டுக்குப் போலாம்" என்றார். களத்தில் போய்ப் படுத்தவர் ஒரு தடவையாவது என்னிடம் "இன்னா ஆச்சு" என்று கேட்டிருந்தால் போயிருப்பேன். அந்த அறையை முழுசாக இடித்துவிட்டு, அதன் பிறகு வந்து கேளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மரத்தைத் தொடக் கூடாது என்றும் சொன்னேன். அந்த வீட்டில் செய்ய வேண்டியதைச் செய்தது அது ஒன்றுதான்.

அத்தையை மன்னிப்பேனோ என்னவோ, இப்போது தெரியவில்லை. ஆனால் அவர் முகர்ந்தார், நாறுகிறாய் என்று முகத்துக்கு நேரே சொன்னார்.

அப்பா, கணியம்பாடி பஸ் ஸ்டாப்பில் நான் இறங்கியதும் "வாடா கண்ணு" என்று என்னை அணைத்துக்கொண்டீர்கள். என் தலை உங்கள் மார்பில் இருந்தது. நீங்கள் மூச்சை இழுத்தீர்கள். மெதுவாக, எனக்குத் தெரியாமல் இழுப்பதாக நினைத்துக்கொண்டு. என் புடவையில் அந்த அறையின் வாடை இருந்தது, எனக்கே தெரியும். பிறகு கையை எடுத்துவிட்டீர்கள். ஆட்டோவில் ஓரமாக உட்கார்ந்துகொண்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் என் புடவைகளை அம்மா கேட்பதற்கு முன்னால் நீங்களே வாளியில் போட்டு ஊறவைத்தீர்கள். அந்த வாரம்தான் அத்தைக்கு எழுதினீர்கள், ஒரு வாடையும் இல்லை, இல்லவே இல்லை என்று.

அது பலா வாசனை என்று உங்களுக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும், அப்பா. தினமும் அதில்தானே வேலை செய்கிறீர்கள். மகள் என்றதும் உங்களுக்கும் வேறு மாதிரி நாறியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். கழுத்தில் தோல் ஆறிவிட்டது. இப்போதெல்லாம் நான் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் குளிக்கிறேன்.

உங்கள் மகள்,
ஜெயசுதா